சின்னதில் கட்டியவர்கள்

உச்சிவேளை நெருங்கிக்கொண்டிருந்தது. தோன்யா எலோதியாவின் கடைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பழக்கூடையின் மேல் லிஸ்பெத் சோக்கே உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் லா பாஸ் நகரமே முண்டியடித்துக்கொண்டு நின்றது.

அலசீத்தா திருவிழா நாள் என்றால் அப்படித்தான். வரும் வருடத்துக்கு என்ன வேண்டுமோ அதைச் சின்னதாக வாங்க வேண்டும். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது வாங்க வேண்டும். வாங்கிய கையோடு புகையில் காட்ட வேண்டும். வீடு வேண்டுமென்றால் உள்ளங்கையளவு வீடு. பயணம் வேண்டுமென்றால் தீப்பெட்டியளவு பெட்டி, அதற்குள் கடவுச்சீட்டும் விமானச் சீட்டும். பணம் வேண்டுமென்றால் விரல் நீளத்தில் டாலர் கட்டு. சின்னது கைக்கு வந்துவிட்டால் பெரியது பின்னால் வந்து சேரும்.

எலோதியாவை எல்லாரும் மரியாதையாகத் ‘தோன்யா’ என்றே கூப்பிடுவார்கள்; இந்தச் சந்தைத் திடலில் பல வருடமாகக் கடை போடுகிறவள். இந்த வருடம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்களே, புவெனோஸ் ஐரெஸில் துணி தைப்பவர்கள், மாட்ரிட்டில் வீட்டு வேலை செய்பவர்கள், அவர்களுக்கும் வேண்டுதல் உண்டு. ஆனால் உச்சிவேளையில் இங்கே நிற்க முடியாது. அவர்கள் இணையத்தில் வாங்கட்டும். வாங்கிய அந்த நிமிடமே அவர்கள் பெயரை எழுதிக் கட்டி இங்கே புகை காட்டி, பிறகு தபாலில் அனுப்பிவிடலாம். இதற்காகத் தன் சரக்கில் சரிபாதியை ஒதுக்கி மேசைக்கு அடியில் நான்கு பெட்டிகளில் வைத்திருந்தாள்.

“இந்தப் பாதி கைவிட்டுப் போச்சுன்னா அடுத்த வருஷம் எனக்குக் கடையே கெடையாது பொண்ணே, தெரியுமில்ல?” என்று காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள். லிஸ்பெத் இரண்டு தடவையும் தலையாட்டினாள்.

லிஸ்பெத்துக்கு இது முதல் வேலை. போன வருடம்தான் பட்டம் வாங்கியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். வேலை கேட்டு வந்த மற்ற இருவரும் நிறையப் பேசினார்கள், இவள் ஒருத்திதான் நான் சொன்னதைக் கேட்டாள் என்று தோன்யா எலோதியா எல்லாரிடமும் சொல்லுவாள். லிஸ்பெத் அப்போது என்ன கேட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

படங்கள், விலை, முகவரி வாங்கும் பக்கம் எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டன. பணம் வாங்கும் இடத்தில்தான் அவள் திணறினாள். அட்டைப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்று, தன் பக்கத்தை எப்படி இணைப்பது என்று நீண்ட வழிமுறை அனுப்பியிருந்தது. அதில் ‘செலுத்தப்பட்டது’ என்று ஒரு நிலை இருந்தது, ‘உறுதியானது’ என்று இன்னொரு நிலை இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கும் இல்லை. சில சமயம் பணம் வந்த தகவல் முதலில் வந்தது, வாங்கியவரின் பெயர் பிறகு வந்தது. ஏன் என்று கேட்டு எழுதினால், வழிமுறையைப் படிக்கவும் என்று பதில் வந்தது. சோதனைக்கு ஒரு சாவி, நிஜத்துக்கு ஒரு சாவி என்று இரண்டு நீளமான எழுத்துக் கோவைகளைக் கொடுத்திருந்தார்கள். சோதனைச் சாவியை வைத்துக்கொண்டு பல நாள் பொய்யாக வாங்கிப் பார்த்தாள். பிறகு ‘வாழ்த்துகள், உங்கள் கணக்கு தயார்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. சாவியை மாற்றினாள். நேற்றுத் தானே ஒரு சின்னப் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். பணம் ஏற்கப்பட்டது என்று திரை சொன்னது. நிம்மதியாக லேப்டாப்பை மூடினாள்.

மணி அடித்தது. வெடி வெடித்தார்கள். திரையில் முதல் பெயர் வந்தது.

“ப்ரிமித்திவா கிஸ்பெர்த், லினியெர்ஸ், புவெனோஸ் ஐரெஸ்” என்று லிஸ்பெத் வாசித்தாள். “மாடி வீடு ஒண்ணு, செவப்பு ஓடு.”

தோன்யா எலோதியா பெட்டியிலிருந்து வீட்டை எடுத்து, பெயர் எழுதிய தாளைக் கூரையில் கட்டி, பக்கத்திலேயே தணலோடு உட்கார்ந்திருந்த பூசாரியிடம் நீட்டினாள். அவர் அதைப் புகையில் மூன்று சுற்றுச் சுற்றி, மதுவைத் தெளித்து, மஞ்சள் பூவிதழைத் தூவித் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் திரையில் அடுத்த பெயர். அதற்கடுத்தது. தையல் மெஷின், லாரி, பட்டச் சான்றிதழ், யூரோ கட்டு, இன்னொரு வீடு. லிஸ்பெத் இவ்வளவு சத்தமாக வாழ்நாளில் பேசியதில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. தோன்யா எலோதியாவின் தொப்பியில் பூவிதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கூட்டம் கொஞ்சம் தணிந்தபோதுதான் லிஸ்பெத் அதைக் கவனித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பணம் கட்டிய அட்டையின் கடைசி நான்கு எண்கள் இருந்தன. எல்லாருக்கும் ஒரே நான்கு எண்கள்.

முதலில் தன் கண்ணைச் சந்தேகித்தாள். பிறகு தன் நிரலைச் சந்தேகித்தாள். ஒருவருடைய எண்ணை எல்லாருக்கும் காட்டுகிற மாதிரி எங்கோ தப்பாக எழுதியிருக்கிறோம் என்று தேடினாள். வரிவரியாகப் பார்த்தாள். தப்பே இல்லை. தப்பில்லாதது அவளை இன்னும் கலவரப்படுத்தியது. அப்படியானால் ஒரே ஆள் எல்லாவற்றையும் வாங்குகிறானா? திருட்டு அட்டையா? ஆனால் பெயர்கள் வேறு, முகவரிகள் வேறு, நாடுகளே வேறு. லினியெர்ஸில் வீடு வாங்கிய திருடன் அதே நிமிடத்தில் மாட்ரிட்டில் தையல் மெஷின் வாங்குவானா?

“என்ன இஞ்சினியரே, மொகம் காஞ்ச உருளைக்கெழங்கு மாதிரி வெளுத்துக் கெடக்கு?” என்றாள் தோன்யா எலோதியா. “பசிக்குதா? அவரையும் சோளமும் வாங்கியாரச் சொல்லட்டா?”

லிஸ்பெத் வேண்டாமென்று தலையாட்டினாள். என்ன நடக்கிறது என்று தெரியாதபோது எதைச் சொல்வது?

அப்போதுதான் கடையின் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. முதலில் வாங்கிய ப்ரிமித்திவா கிஸ்பெர்த். பின்னணியில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“தோன்யா, நல்லா இருக்கீங்களா? என் வீடு பொகையில காட்டியாச்சா? எவ்வளவு அழகா செஞ்சிருக்கீங்க. என் கார்டு நம்பரைப் போட்டா வேணாம்னுடுச்சு. கீழயே ஒரு நம்பர் குடுத்து, இதைப் போடுங்க, நெசப் பணம் போகாதுன்னு இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு போங்க. எங்கம்மா சொல்லுவா, அந்தக் காலத்துல கூழாங்கல்லைக் குடுத்துத்தான் வாங்குவாங்களாம் இந்த நாள்ல. இவ்வளவு வருஷத்துல யாரும் எனக்கு அப்படி விக்கல. சின்ன வீட்டுக்குச் சின்னக் காசு. இந்தத் தடவை கெடைச்சுடும் தோன்யா, எனக்குத் தெரியும்.”

லிஸ்பெத் தன் கைபேசியில் கடையின் பக்கத்தைத் திறந்து, ஏதோ ஒன்றை எடுத்து, பணம் கட்டும் இடம்வரை போனாள். மேலே ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. ‘சோதனை. உண்மையான பணம் எடுக்கப்படாது. இந்த அட்டை எண்ணைப் பயன்படுத்தவும்.’ இத்தனை நாளாகப் பார்த்துப் பார்த்து அந்தப் பட்டை அவள் கண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தது. நேற்று அவள் வாங்கிப் பார்த்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அட்டை எண்ணை அவள் தட்டக்கூட இல்லை, லேப்டாப் பழக்க தோஷத்தில் தானாகவே சோதனை எண்ணை நிரப்பியிருக்கும்.

ஆனால் சாவியை மாற்றினாளே? மாற்றியதைத் திறந்து பார்த்தாள். நிஜச் சாவிதான் இருந்தது. நிஜச் சாவி வைத்தால் ஏன் சோதனைப் பக்கம் வருகிறது?

சமவெளி நகரமான சாந்தா க்ரூஸில் இருந்த கேட்வே நிறுவனத்தை அழைத்தாள். க்ரோவர் என்ற ஒருவர் எடுத்தார். கணக்கு தயார்தான், ஆனால் வங்கியின் கடைசி ஒப்புதல் வரவில்லை, அதுவரை எந்தச் சாவி போட்டாலும் சோதனையாகத்தான் போகும் என்றார். அந்த மின்னஞ்சலின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கிறோமே என்றார். அவள் அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்தாள். கடைசி வரியில் எழுதியிருந்தது. வாழ்த்துகளுக்குக் கீழே, முகவரிக்கும் கீழே.

இதைத் தோன்யா எலோதியாவிடம் சொன்னாள். தோன்யா எலோதியா கத்தவில்லை.

“எவ்வளவு வந்திருக்கு?”

“ஒண்ணும் வரல தோன்யா.”

“எவ்வளவு போயிருக்கு?”

“எல்லாம்.”

தோன்யா எலோதியா மேசையில் வரிசையாக நின்ற வீடுகளையும் லாரிகளையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் தொங்கியது. எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொன்னாள். திடலில் கூட்டம் இருக்கும்போதே பெயரை அவிழ்த்துவிட்டு வந்த விலைக்கு விற்றுவிடுகிறேன், பாதிச் சரக்கில் பாதியாவது மிஞ்சட்டும் என்றாள்.

லிஸ்பெத் ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வாங்கிய எல்லாருக்கும் கடிதம் தானாகப் போய்விடும். கடிதத்தை எழுதியவள் அவள்தான். ‘நீங்கள் செலுத்திய பணம் செல்லாது. உங்கள் கொள்முதல் நீக்கப்பட்டது.’ போன மாதம் எழுதும்போது அது சாதாரண வாக்கியமாக இருந்தது. தெளிவாக இருக்கிறது என்றுகூட நினைத்திருந்தாள். இன்று, இந்த வேளையில், லினியெர்ஸில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் உன் வீடு நீக்கப்பட்டது என்று சொல்வதா? லிஸ்பெத் இந்த ஊரில் பிறந்தவள். அந்த வாக்கியம் அந்த வீட்டை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் தோன்றியது. படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. விரல் மட்டும் பொத்தானில் இறங்க மறுத்தது.

அதற்குள் தோன்யா எலோதியா ஒரு வீட்டின் பெயரை அவிழ்த்து முன்வரிசையில் வைத்துவிட்டாள். குழந்தையை முதுகில் கட்டியிருந்த ஒருத்தி ஆசையோடு அதை எடுத்தாள். விலை கேட்டாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

“இது பொகை போட்டதுதானே காசெரா?” என்று கடைக்காரியைக் கேட்டாள். “யாரோடது?”

யாருடையதும் இல்லை என்று தோன்யா எலோதியா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் வீட்டைச் சூடான பாத்திரம் போல மெல்லக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனாள்.

தோன்யா எலோதியா உள்ளே வந்து இன்னொரு கூடையைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தாள். விற்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது, இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, என் வீட்டில் இத்தனை பேருடைய வேண்டுதலை எங்கே அடுக்க என்று தணிந்த குரலில் கேட்டாள். அவள் கேட்டது லிஸ்பெத்தையா பூசாரியையா என்று தெரியவில்லை. பூசாரி தணலை விசிறிக்கொண்டிருந்தார்.

“கேக்கலாம் தோன்யா” என்றாள் லிஸ்பெத்.

“என்னன்னு? பொய்க் காசு குடுத்துட்டீங்க, நெசக் காசு குடுங்கன்னா? இன்னைக்கா?”

“அந்த வார்த்தை வேணாம். நான் ரத்தும் பண்ணமாட்டேன்.”

சொன்ன பிறகு அவளுக்குக் காது சூடாகிவிட்டது. தோன்யா எலோதியா அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

லிஸ்பெத் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கடைசியில் இப்படி நின்றது. ‘உங்கள் பொருள் உச்சிவேளையில் உங்கள் பெயரோடு புகை கண்டது. நீங்கள் சின்னதில் கட்டியது எங்களுக்கு வந்து சேர்ந்தது. இனி பெரியதில் கட்ட, கீழே தொடவும்.’ இதைப் படிப்பவருக்குப் புரியுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தோன்யா எலோதியாவிடம் படித்துக் காட்டினாள். சரியாக இருக்கிறது, ஆனால் ஏன் சரியாக இருக்கிறது என்று தெரியவில்லை என்றாள் அவள்.

பணம் வாங்க முதலில் கணக்கு திறக்க வேண்டும். மறுபடி க்ரோவரை அழைத்தாள். லா பாஸில் இருக்கும் அந்த வங்கியில் ஒப்புதல் தர ஒரே ஒரு அதிகாரிதான் இருக்கிறார் என்றார் அவர்.

“அந்தம்மா மத்தியானமே கெளம்பிட்டாங்களாம் இஞ்சினியர். உங்க ஊர்ல இன்னைக்கு யாரு ஆபீஸ்ல இருக்கா? மலைக்காரங்க எல்லாரும் பொம்மை வீடு வாங்கப் போயிட்டீங்க.”

“எங்க போயிருக்காங்க?”

“எங்கயா? நீங்க இருக்கற எடத்துக்குத்தான்.”

லிஸ்பெத் எழுந்து தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். தலைகள், தொப்பிகள், குடைகள். அந்தக் கடல் முழுவதிலும் ஒரே ஒருத்தி விரலை ஒரு தடவை அழுத்தினால் போதும். அவள் யார், எப்படி இருப்பாள், எந்தப் பூசாரியின் வரிசையில் நிற்கிறாள்? லிஸ்பெத் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அது முட்டாள்தனம் என்று உறைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் ஆலங்கட்டி தடதடவென்று விழுந்தது. தோன்யா எலோதியா வீடுகளின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடினாள்.

மழை விடும் முன்பே க்ரோவர் திரும்ப அழைத்தார். வங்கியம்மாவைத் தொலைபேசியில் பிடித்துவிட்டாராம். மழைக்கு ஒதுங்கி ஏதோ ஒரு கடையின் கூரைக்கடியில் நிற்கிறாளாம். கைபேசியிலேயே ஒப்புதல் கொடுத்துவிட்டாளாம். “அவங்க வாங்கினது பொம்மைக் காராம்” என்றும் சொன்னார். கடையின் இணையப் பக்கத்தில் அந்த மஞ்சள் பட்டை போயிருந்தது.

லிஸ்பெத் தன் அட்டையை எடுத்து, நேற்று வாங்கிப் பார்த்த சின்னப் பெட்டிக்கே மறுபடி பணம் கட்ட, ஒவ்வொரு எண்ணாகத் தானே தட்டிப் பார்த்தாள். திரை சொன்னது: ‘இந்தக் கொள்முதலுக்குப் பணம் ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது.’

ஒரு நிமிடம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பொய்ப் பணத்தை நிஜம் என்று நம்பிக்கொண்டு அவளுடைய செயலி இப்போது நிஜப் பணத்தை வாங்க மறுக்கிறது. ஒரே பொருளுக்கு ஒருவர் இரண்டு தடவை கட்டிவிடக் கூடாது என்று கவனமாக எழுதியவளும் அவள்தான். அந்தக் காவலை எடுத்தாள். ஒரு கொள்முதலுக்கு இரண்டு பணம் இருக்கலாம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்று மாற்றி எழுதினாள். வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் தான் என்ன நினைத்திருப்போம் என்று யோசித்தாள். மறுபடி தட்டினாள். ஏற்றது. தோன்யா எலோதியாவின் கைபேசிக்கு வங்கியிலிருந்து செய்தி வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது.

கடிதங்களை அனுப்பினாள். காத்திருந்தார்கள். சாவோ பாவ்லோவிலிருந்து ஒன்று வந்தது. பிறகு மாட்ரிட்டிலிருந்து ஒன்று. பிறகு எதுவுமே வரவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. வருகிறார்கள், பணம் கட்டும் இடத்தில் நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். மறுபடி ஏதாவது கெட்டுப்போயிற்றா? அவள் மறுபடி வரிவரியாகத் தேட ஆரம்பித்தாள்.

ப்ரிமித்திவாவிடமிருந்து இரண்டாவது குரல் செய்தி வந்தது. இந்தத் தடவை மெஷின் சத்தம் இல்லை.

“யாரு நீங்க? தோன்யா எலோதியா பேரைச் சொல்லி யாரோ காசு புடுங்கப் பாக்கறீங்கன்னு தெரியுது. மத்தியானம் கடையே நம்பர் குடுத்துச்சு. இப்ப என் கார்டு நம்பரைக் கேக்குது. நான் என்ன அவ்வளவு முட்டாளா?”

லிஸ்பெத் அதை இரண்டு தடவை கேட்டாள். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சோதனைப் பக்கத்தை எல்லாரும் நம்பினார்கள். நிஜப் பக்கத்தை யாரும் நம்பவில்லை. இதை எந்த நிரலில் போய்த் திருத்துவது?

“கூப்பிட்டுப் பேசு” என்றாள் தோன்யா எலோதியா.

“நானா? நீங்க பேசுங்க தோன்யா.”

“என் குரலை அவ எங்க கேட்டா? நீதான எழுதினே. பேசு.”

படம் தெரிகிற மாதிரி அழைத்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒருத்தி, கழுத்தில் அளவு நாடாவோடு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். லிஸ்பெத் தன் பெயரைச் சொன்னாள். பக்கத்தைச் செய்தவள் தான்தான் என்றாள். மத்தியானம் நடந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறி, பாதியில் நிறுத்தினாள்.

“அதெல்லாம் வேணாம்” என்றாள் ப்ரிமித்திவா. “என் வீட்டைக் காட்டு.”

தோன்யா எலோதியா பிளாஸ்டிக் தாளுக்கடியிலிருந்து அந்த மாடி வீட்டை எடுத்துக் கைபேசிக்கு முன்னால் நீட்டினாள். கூரையில் பெயர். ஓட்டில் ஒரு பூவிதழ். ஒரு மூலையில் புகை லேசாகக் கறுத்திருந்தது. ப்ரிமித்திவா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தாள். மாடிப்பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினாள். கதவு திறக்குமா என்று கேட்டாள். திறக்காது, வரைந்ததுதான் என்றாள் தோன்யா எலோதியா.

“பரவால்ல. இப்ப கட்டறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் பொண்ணே. மத்தியானம் கட்டினது இருக்கில்ல, அதை அழிச்சிடாதே.”

“அழிக்கல. ரெண்டும் இருக்கும்.”

“அப்ப சரி.”

அவள் எழுந்துபோய் அட்டையை எடுத்து வருவதும், எண்களை உதடசைத்து வாசித்துத் தட்டுவதும் திரையில் தெரிந்தது. தோன்யா எலோதியாவின் கைபேசி மடியில் அதிர்ந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டை அனுப்ப வேண்டிய பெட்டியில் வைத்தாள்.

லிஸ்பெத் மீதிப் பெயர்களைப் பார்த்தாள். கடிதம் போதாது என்று இப்போது புரிந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். முன்பின் தெரியாத இத்தனை பேரிடம், வாயைத் திறந்து, முதலில் என்ன சொல்வது? ப்ரிமித்திவாவிடம் என்ன சொல்லி ஆரம்பித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

தோன்யா எலோதியா அடுத்ததைக் கையில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு தையல் மெஷின், மாட்ரிட்.

லிஸ்பெத் எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.